நர்சம்மா போட்ட அட்டவணை

"நேத்து நீ நகரிக்காரங்ககிட்ட தோத்துட்ட தம்பி. ரெண்டாவது செட்டுல சர்வீஸ வலையிலயே அடிச்சிக்கினு இருந்த. உடம்பு கிடம்பு சரியில்லயா?"

காலை பத்தரை மணிக்கு, புத்தூர் தாலுக்கா ஆபீசில் என் மேசைக்கு எதிரே நின்று இப்படிக் கேட்டவர் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ நர்ஸ். ஊருக்கே அவர் நர்சம்மா. நான் பாட்மிண்டன் பேட்டைக் கடைசியாகத் தொட்டு அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தேன். ஆனாலும் சுருக்கென்றது.

"எவ்வளவுல தோத்தோம்?" என்று கேட்டேன்.

"மூணாவது செட்டு இருபத்தொம்பதுக்குப் பதினாலு. அடுத்த வாரம் திருப்பதி. நல்லா துன்னுட்டு வா."

பக்கத்து மேசைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குடையைத் தட்டிக்கொண்டு நர்சம்மா போய்விட்டார்.

விஷயம் இதுதான். இப்போது பூப்பந்து என்கிறார்கள். எங்களுக்கு அது பால் பாட்மிண்டன். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், திறந்த மைதானம், இருபத்தொன்பது பாயிண்ட் ஒரு செட். ஆந்திரா தனி மாநிலம் ஆவதற்குச் சில வருஷங்கள் முன்னால் சித்தூர், திருப்பதி, காளஹஸ்தி, புத்தூர், நகரி, திருத்தணி என்று ஆறு ஊர் அணிகள் சேர்ந்து ஒரு பருவம் முழுக்க ஆடினோம். ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்து அணிகளோடும் இரண்டு முறை, உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. மொத்தம் முப்பது ஆட்டங்கள். ஒரே ஒரு பருவம்தான் நடந்தது. அடுத்த வருஷம் சேர்ந்து ஆட யாருக்கும் தெம்பு இல்லை.

அந்தப் பருவத்தை நர்சம்மா தன் வீட்டுக் கூடத்தில் மறுபடி நடத்திக்கொண்டிருந்தார். மருந்து வந்த அட்டைப்பெட்டிகளைக் கத்தரித்து, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. சீட்டில் அவரவர் பலமும் பலவீனமும். இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளை எனாமல் தட்டில் உருட்டுவார். விழுந்த எண்ணையும் சீட்டில் இருக்கும் எண்ணையும் கூட்டிப் பார்த்தால் பாயிண்ட் யாருக்கு என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை சரியாக நாலு மணிக்குத்தான் தொடங்குவார். மூன்றரைக்கு உருட்டலாமே என்றால் "ஆட்டக்காரங்க இன்னும் வரல" என்பார்.

என் சீட்டை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். "முதல் செட்டில் புலி. எதிராளி முந்தினால் கால் தளரும்" என்று எழுதியிருந்தது.

"இத யாரு சொன்னது?"

"யார் சொல்லணும்? நான்தான் பாத்தேனே."

பார்த்தது உண்மைதான். அந்தப் பருவத்தில் புத்தூரில் நடந்த ஐந்து ஆட்டங்களுக்கும் நர்சம்மா வந்திருந்தார். பிரசவப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு ஓரமாக நிற்பார். ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் யாராவது மூச்சிரைக்க ஓடி வருவார்கள். பையை எடுத்துக்கொண்டு, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போய்விடுவார். "ஒண்ணு கூட முடிஞ்சி பாத்ததில்ல தம்பி. மறுநாள் யாரையாவது கேட்டா, ஜெயிச்சோம் தோத்தோம்னு ஒத்த வார்த்தையில சொல்றாங்க. அதுவா ஆட்டம்?" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

தாயம் உருட்டுவது பெரிய வேலை இல்லை. அதற்கு முன்னால் அட்டவணை வேண்டுமே. எந்த ஞாயிறு யார் யாரோடு எந்த ஊரில் ஆடினார்கள் என்ற காகிதம் யாரிடமும் இல்லை. அச்சடித்த நோட்டீசைக் கரையான் தின்றுவிட்டது. அதைப் போட்ட காரியதரிசி ஊரைவிட்டே போய்விட்டார். "ஏதோ ஒரு வரிசையில வெச்சி உருட்டுங்களேன்" என்று நான் சொன்னதற்கு, அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன்.

"நாள் தப்பா இருந்தா புள்ள வேற புள்ள ஆயிடும் தம்பி. ஆட்டமும் அப்படித்தான்."

அட்டவணையை மீட்டெடுக்க அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. கையில் இருந்தவை மூன்று. பழைய பஞ்சாங்கம் ஒன்று. அந்த வருஷத்து ரயில் நேர அட்டவணை ஒன்று. அவருடைய கணவர் ரேணிகுண்டாவில் ரயில்வே கார்டு, பழைய காகிதம் எதையும் எறியாதவர். மூன்றாவது, தான் எடுத்த குழந்தைகளின் நாளும் நேரமும் ஊரும் எழுதி வைத்திருந்த சொந்த நோட்டு. இந்த மூன்றையும் விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறாக நிரப்பினார். திருத்தணியில் தை கிருத்திகை, அன்று அங்கே காவடிக் கூட்டம், ஆட முடியாது. மாசியில் சிவராத்திரி, காளஹஸ்தி மைதானத்தில் கடைகள் போட்டிருப்பார்கள். சித்தூர் அணியில் மூன்று பேர் கோர்ட்டு குமாஸ்தாக்கள். பாகாலா சுற்றி ரயில் மாறி ஊர் திரும்பித் திங்கள் காலை கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆகவே அவர்கள் காளஹஸ்திக்குப் போனது திங்கட்கிழமை விடுமுறையாக இருந்த வாரமாகத்தான் இருக்க முடியும்.

மிச்சத்தைக் கடைத்தெருவில் பிடித்தார். ஒருநாள் கத்திரிக்காய்க் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் அவர் விசாரித்ததை நானே நின்று கேட்டேன்.

"உன் ரெண்டாவது பொண்ணு பொறந்த அன்னைக்கு உன் வூட்டுக்காரரு எங்க போயிருந்தாரு?"

"எங்க போவாரு? நான் இங்க துடிச்சிக்கினு கெடக்கேன், அந்த மனுசன் சித்தூருக்குப் பந்தாட்டம் பாக்கப் போய்ட்டாரு. சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன் நர்சம்மா."

"மறக்காத. சித்தூர்ல யாரு ஆடினது?"

"நம்ம ஊருதான். தோத்துட்டு வந்தாங்க. நல்லா வேணும்னு நெனச்சிக்கினேன்."

நர்சம்மா நோட்டை எடுத்து அந்தப் பெண் குழந்தையின் பிறந்த நாளைப் பார்த்தார். சித்தூர், புத்தூர், மாசி இரண்டாவது ஞாயிறு. கட்டம் நிரம்பியது. இரண்டு கத்திரிக்காய் கூடுதலாகவே கிடைத்தது.

எல்லைத் தகராறு முற்றியிருந்த காலம் அது. புத்தூர் எந்தப் பக்கம், நகரி எந்தப் பக்கம், திருத்தணி யாருக்கு என்று டீக்கடையில் தினமும் குரல் உயரும். என் ஆபீசில் காகிதங்கள் தெலுங்குக்கு மாறிக்கொண்டிருந்தன. நர்சம்மாவிடம் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது என்ற செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. ஒரு மாலை தமிழ்ப் பக்கம் பேசும் ஒருவர் வந்தார். புத்தூர்க்காரர்கள் திருத்தணியோடுதான் உறவாக இருந்தார்கள் என்பதற்கு அத்தாட்சியாக அந்த ஆட்டங்களை மட்டும் எழுதித் தர வேண்டும் என்றார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் தெலுங்குப் பக்கம் பேசும் இன்னொருவர் வந்தார். அவருக்குத் திருப்பதி, காளஹஸ்தி ஆட்டங்கள் மட்டும் வேண்டுமாம்.

நர்சம்மா இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து அட்டவணையைக் காட்டினார். "இன்னாய்யா நீங்க? ஆளுக்கு ரெண்டு ஆட்டம். திருத்தணியோட ரெண்டு, திருப்பதியோட ரெண்டு. ஒருத்தனுக்கும் ஒண்ணு கூடுதலும் இல்ல, ஒண்ணு கொறச்சலும் இல்ல. இத வெச்சி எந்த ஊர எந்தப் பக்கம் தள்ளுவீங்க?" என்று தமிழிலும் உடனே தெலுங்கிலும் சொன்னார். இருவரும் மோர் குடித்துவிட்டுச் சேர்ந்தே இறங்கிப் போனார்கள்.

இந்த நர்சம்மாவைப் பார்த்து நான் பயந்த நாள் ஒன்று உண்டு.

இருபத்தொன்பது ஆட்டங்களுக்கு நாள் கிடைத்துவிட்டது. முப்பதாவது, பங்குனி மூன்றாவது ஞாயிறு திருத்தணியில் புத்தூர் ஆடிய கடைசி ஆட்டம். அதன் நாள் எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் அன்று நாங்கள் ஜெயித்திருந்தால் பட்டம் எங்களுக்கு. நான் போய்ச் சேராததால் புத்தூர் நாலு பேரோடு ஆடித் தோற்றது.

எங்கள் அணித் தலைவர் முனிரத்தினம் தமிழ் வாத்தியார், என் அக்காவின் கணவர். மற்றவர்களைக் காலை வண்டியில் கூட்டிப் போனவர், எனக்கு ஆபீசில் வேலை பாக்கி இருந்ததால் மதிய வண்டியில் வரச் சொன்னார். நான் வரவில்லை. மதிய வண்டி மூன்று மணி நேரம் தாமதம், அதனால் திரும்பிவிட்டேன் என்று மறுநாள் சொன்னேன். ஊர் என்னைத் திட்டவில்லை. ஆளை மதிய வண்டிக்கு விட்டுவிட்டுப் போனாரே என்று அவரைத் திட்டியது. பெயரே 'மதிய வண்டி வாத்தியார்' ஆகிவிட்டது. பள்ளிக்கூடச் சுவரில்கூடக் கரியால் எழுதினார்கள். அதற்குப் பிறகு அவர் பேட்டைத் தொடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கடிந்தும் பேசவில்லை.

ஒரு ஞாயிறு காலை நர்சம்மா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். அவருடைய கணவர் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மதிய வண்டி லேட்டுன்னு சொன்னியே தம்பி?"

"ஆமா நர்சம்மா."

நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அந்த ஞாயிறு தேதியில், நகரி, பெண் குழந்தை, மூன்று மணி பத்து நிமிஷம் என்று எழுதியிருந்தது.

"அந்த வண்டியிலதான் நான் நகரிக்குப் போனேன். சரியான நேரத்துக்கு வந்திச்சி. லேட்டா வந்திருந்தா அந்தக் கொழந்தைய நான் எடுத்திருக்க முடியாது."

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. கார்டு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

வேறு வழியில்லை, சொன்னேன். அன்று ஆபீசை விட்டு ஸ்டேஷன் பக்கம்தான் நடந்தேன். புத்தூரில் நடந்த முதல் ஆட்டத்தில் திருத்தணியின் இடக்கை ஆட்டக்காரன் என்னைக் குறிவைத்து அடித்து, கூட்டம் சிரித்தது நினைவுக்கு வந்தது. கால் ஏரிக்கரைப் பக்கம் திரும்பிவிட்டது. வண்டி ஊதுவது கேட்டது. உட்கார்ந்துகொண்டே இருந்தேன். அது புறப்பட்டுப் போவதும் கேட்டது. சாயங்காலம் வரை ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்சம்மா திட்டுவார் என்று நினைத்தேன். பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"பயம்னு எழுத இதுல கட்டம் இல்ல. நாலு பேர் ஆடினாங்கன்னு எழுதிக்கிறேன். ஆனா வாத்தியார்கிட்ட நீ சொல்லணும். சொல்ற வரைக்கும் முப்பதாவது ஆட்டத்த உருட்ட மாட்டேன்."

"நீங்க உருட்டாம இருக்க மாட்டீங்க."

"பாக்கலாம்."

அதற்குப் பின் வந்த ஞாயிறுகளில் வரிசைப்படி மற்ற ஆட்டங்களை எல்லாம் உருட்டி முடித்தார். எஞ்சியது ஒன்றுதான். காகிதத்தில் நிலைமை விசித்திரமாக இருந்தது. நிஜத்தில் கடைசி இடத்தில் இருந்த காளஹஸ்தி, தாயக்கட்டையின் தயவில் பத்தில் ஆறு ஜெயித்து முடித்திருந்தது. புத்தூரும் ஆறு ஜெயித்து ஓர் ஆட்டத்தைக் கையில் வைத்திருந்தது. திருத்தணியில் ஜெயித்தால் பட்டம் எங்களுக்கு. தோற்றால் காளஹஸ்திக்கு, ஏனென்றால் எங்களை நேருக்கு நேர் ஆடிய இரண்டிலும் அவர்கள்தான் ஜெயித்திருந்தார்கள்.

அந்த இடத்தில் நர்சம்மா நிறுத்திவிட்டார். ஒரு வாரம் அல்ல, மாதக்கணக்கில். முடிவு தெரியாமல் ஒரு ராத்திரி தாங்காத மனுஷி அவர். தெருவில் என்னைப் பார்த்தால் எப்போதும்போல் என் குழந்தைகளை விசாரிப்பார், இரண்டுமே அவர் எடுத்தவை. ஆட்டத்தைப் பற்றி மூச்சு விட மாட்டார். ஒருநாள் கார்டு ஸ்டேஷனில் என்னை நிறுத்தி, "ஞாயித்துக்கிழமை வூட்டுல சத்தமே இல்ல சார். நாலு மணி ஆனா தட்டத் தொடைச்சி வெச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கா" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

எல்லை முடிவானது. திருத்தணி சென்னைப் பக்கம் போனது; புத்தூரும் நகரியும் ஆந்திராவில் நின்றன. முனிரத்தினம் மாமா திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு புறப்பட ஏற்பாடு செய்தார். மாட்டு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது என்று அக்கா வந்து சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இனி சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப்போவதில்லை.

போனபோது மாமா புத்தகங்களைக் கோணிப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா பாத்திரங்களுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் வாய் வராது என்று பயம்.

மாமா கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. "அப்போ வண்டி சரியாதான் வந்திச்சா?" என்றார்.

"சரியா வந்திச்சி மாமா."

"நான் சொன்னது தப்பான வண்டி இல்ல."

"இல்ல மாமா."

அவர் பேசுவதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். கையில் ஒரு செம்பு. "அடப்பாவி! எட்டு வருசமா இந்த மனுசன் எங்க கெளம்பினாலும் ரெண்டு மணி நேரம் முன்னாடியே எங்களக் கொண்டு போய் ஸ்டேஷன்ல ஒக்கார வெக்கிறாரு! கைக்கொழந்தைய வெச்சிக்கினு வெயில்ல ஒக்காந்தேன். ஒன்னாலயா அது?" செம்பு என் காதோரமாகப் பறந்து கதவில் பட்டு உருண்டது.

மாமா அந்தச் செம்பை எடுத்தார். கோபமாக இருந்தார், கழுத்து நரம்பு தெரிந்தது. வாசலில் போய் நின்றுகொண்டு எங்கள் பக்கம் திரும்பாமல் வெகுநேரம் தெருவைப் பார்த்தார். பிறகு, "இது வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"நர்சம்மாவுக்கு."

"இன்னைக்கு ஞாயிறுதானே? மணி இன்னா?"

மூன்றரை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். அக்கா எங்கள் இருவருக்கும் பின்னால் வந்தாள்.

நர்சம்மா எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்தார். தட்டை எடுத்து வைத்து, சீட்டுகளைப் பரப்பினார். கார்டு திருத்தணிப் பக்கம் உட்கார்ந்தார். புத்தூர்ப் பக்கம் மாமா.

"அட்டவணைப்படி நாலு பேர்தான் வாத்தியாரே" என்றார் நர்சம்மா. "நடந்தது நடந்ததாத்தான் எழுதியிருக்கேன். ஆனா இது உங்க அணி. யாரு ஆடணும்னு நீங்க சொல்லுங்க."

ஓரமாகக் கிடந்த என் சீட்டை மாமா எடுத்தார். அதில் எழுதியிருந்ததை வாய்க்குள் படித்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதை மற்ற நாலு சீட்டுகளோடு நடுவில் வைத்து, "அஞ்சு பேர்" என்றார்.

நாலு மணிக்கு முதல் தாயம் விழுந்தது. முதல் செட் எங்களுக்கு. என் சீட்டு சொன்னபடியே புலியாக ஆடினேன். இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் திருத்தணி முந்தியபோது நான் என் சீட்டையே பார்த்தேன். ஆனால் தாயக்கட்டைக்கு என் சுபாவம் மறந்துபோயிருக்க வேண்டும். இடக்கைக்காரனின் சர்வீஸ் இரண்டை நான் திருப்பி அடித்தேன். இருபத்தாறு, இருபத்தாறு. அக்கா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டே, "உருட்டுங்க, சீக்கிரம் உருட்டுங்க" என்றாள். இருபத்தாறு, இருபத்தெட்டு. கடைசி உருட்டல் மாமாவுடையது. தாயக்கட்டைகள் எனாமல் தட்டில் கடகடவென்று ஓடி நின்றன. நர்சம்மா குனிந்து எண்ணைப் பார்த்து, சீட்டோடு கூட்டி, இன்னொரு தடவையும் கூட்டி, கடிகாரத்தைப் பார்த்து 'அஞ்சே கால்' என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

"போச்சு. இருபத்தொம்பதுக்கு இருபத்தாறு."

"கடைசிப் பந்த விட்டது யாரு?" என்றார் மாமா.

நர்சம்மா தயங்கினார். "நீங்கதான் வாத்தியாரே."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "டேய் மச்சான், நீ வந்திருந்தாலும் தோத்துட்டுத்தான்டா வந்திருப்போம்!" அக்காவும் சிரித்தாள், ஆனால் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் சிரித்தாள். மறுவாரம் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் உண்மையை நானே சொன்னேன். கொஞ்ச நாள் தலை நிமிர முடியவில்லை. பிறகு பழகிவிட்டது.

நர்சம்மாவுக்கு மட்டும் வேலை முடியவில்லை. "காளஹஸ்திக்காரங்களுக்கு யாரு சொல்றது?" என்று ஆரம்பித்துவிட்டார். அடுத்த விடுமுறை நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு ரேணிகுண்டாவில் வண்டி மாறி அங்கே போனார். காளஹஸ்தி அணியின் பழைய தலைவர் கலம்காரித் துணிக்குச் சாயம் போடுகிறவர். சொர்ணமுகி ஆற்று மணலில் முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டி, துணி அலசிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது.

நர்சம்மா நோட்டைப் பிரித்து, முப்பது ஆட்டங்களையும் முதலிலிருந்து தெலுங்கில் விளக்கினார். அவர் துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். சிரிப்பாரோ, பைத்தியம் என்று நினைப்பாரோ என்று எனக்குக் கவலை. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சித்தூரோடு ஆடிய அன்று காற்று எந்தப் பக்கம் என்று. நர்சம்மா சொன்னார். அவர் தலையை ஆட்டினார். பிறகு கரையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்து, இரண்டு கைகளையும் உயர்த்தி, "ஏமே! மனம் கெலிச்சாமு!" என்று கத்தினார். நாம் ஜெயித்துவிட்டோமாம்.

அந்த அம்மாள் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, "எப்போ?" என்று கேட்டாள்.

அவர் பதில் தெரியாமல் நர்சம்மாவைத் திரும்பிப் பார்த்தார். நர்சம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கி மாட்டி, நோட்டில் விரலை வைத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"பங்குனி மூணாவது ஞாயிறு. சாயங்காலம் அஞ்சே கால் மணி."